நகைக்கடனில் 85 சதவீதம்: யாருடைய பாதுகாப்பை அளக்கும் எண் இது?

நகைக்கடன் விதிகளை ரிசர்வ் வங்கி 2025-இல் திருத்தி எழுதியபோது, செய்திகளில் முன்னால் நின்றது ஓர் எண். சிறு கடன்களுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பு 85 சதவீதமாக உயர்ந்தது. ஒரு லட்ச ரூபாய் நகைக்கு இனி 85,000 ரூபாய் கையில் கிடைக்கும் என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டும் வழக்கமான நகைக்கடனில் அப்படிக் கிடைக்காது. அந்த 85 சதவீதம் கடன் கொடுப்பவரின் பாதுகாப்பை அளக்கும் எண். நகையை வைப்பவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதை அது சொல்வதில்லை. இந்த வேறுபாடு தெளிவாகாதவரை நகைக்கடன் விதிகளைப் பற்றிய எந்த விவாதமும் குழப்பத்தில்தான் முடியும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நகையை மதிப்பிடுவது, கடன்-மதிப்பு விகிதத்தைக் கண்காணிக்காமல் விடுவது, ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாதது போன்ற குறைகளை அது பட்டியலிட்டது. 2025 ஏப்ரல் 9 அன்று வரைவு விதிகள் வந்தன. சிறு நுகர்வுக் கடனுக்கும் 75 சதவீதம், நகை தமக்குச் சொந்தம் என்பதற்கான சான்று ஆகியவை தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. மாநில முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சிறு கடன்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று நிதியமைச்சகமும் பரிந்துரைத்தது. ஜூன் 6 அன்று வெளியான இறுதி விதிகள் மூன்று அடுக்குகளாக இருந்தன. நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் அவற்றுக்கு மாறிவிட வேண்டும் என்று காலக்கெடுவும் வைக்கப்பட்டது.

எதற்கு மதிப்பு, எவ்வளவு மதிப்பு

கடன்-மதிப்பு விகிதம் என்பது எளிய வகுத்தல். பாக்கியிருக்கும் கடனை நகையின் மதிப்பால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள நகைமேல் 70,000 ரூபாய் பாக்கி என்றால் விகிதம் 70 சதவீதம். மீதி 30 சதவீதம் கடன் கொடுத்தவருக்கான இடைவெளி. தங்கம் விலை இறங்கினாலும் அந்த இடைவெளி தீரும்வரை அவருக்கு நட்டமில்லை.

வகுக்கும் எண்ணான 'மதிப்பு' எது என்பதில்தான் முதல் ஏமாற்றம் தொடங்குகிறது. கடையில் நகை வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம், அவற்றின்மேல் 3 சதவீதம் சரக்கு-சேவை வரி எல்லாம் சேர்த்துக் கட்டுகிறோம். கடன் கொடுப்பவர் கணக்கில் எடுப்பது தங்கத்தை மட்டும். கல், அரக்கு, நூல் ஆகியவற்றின் எடை கழியும். நகை எத்தனை காரட்டோ அந்தத் தரத்துக்கு உரிய விலைதான் போடப்படும். தங்கத்துக்கு ஒரு லட்சம், செய்கூலி சேதாரமாக 12,000, வரி என்று ஏறக்குறைய 1,15,400 ரூபாய் கொடுத்து வாங்கிய நகை, வாங்கிய மறுநாளே அடகு வைத்தால் ஒரு லட்சமாகத்தான் கணக்கில் ஏறும். 85 சதவீதம் என்று நாம் பேசுவது இந்தக் குறைந்த தொகையின் 85 சதவீதம்.

விலையையும் விதி கட்டுப்படுத்துகிறது. முந்தைய 30 நாள்களின் சராசரி முடிவு விலை, முந்தைய நாளின் முடிவு விலை என்ற இரண்டில் எது குறைவோ அதுவே எடுக்கப்படும். விலை வேகமாக ஏறும் மாதங்களில் சராசரி பின்தங்கியே இருக்கும். அன்றைய பவுன் விலையைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகிறவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பெறுவார். இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒரே நாள் துள்ளலை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் கிளையில் இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

75-ம் 85-ம்: வட்டியைச் சேர்த்தபின்

நுகர்வுக்காக வாங்கும் நகைக்கடனுக்குப் புதிய அடுக்குகள் இவை:

1. ஒருவருக்கு மொத்தம் 2.5 லட்ச ரூபாய் வரை: 85 சதவீதம்.
2. 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை: 80 சதவீதம்.
3. 5 லட்சத்துக்கு மேல்: 75 சதவீதம்.

இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அசலும் வட்டியும் முதிர்வு நாளில் ஒருசேரக் கட்டும் கடனில், அந்த நாளில் கட்ட வேண்டிய முழுத் தொகையையும் வைத்தே விகிதம் பார்க்கப்படும். முன்பு வங்கி சாரா நிதி நிறுவனங்கள் பலவும் கொடுக்கும் அசலை மட்டும் 75 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டன. வட்டி சேரச் சேர பாக்கி வரம்பைத் தாண்டிப் போனது. இப்போது வட்டியும் வரம்புக்கு உள்ளே வந்துவிட்டது.

ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள நகை, ஓராண்டுக் கடன், எல்லாம் கடைசியில் கட்டுவது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் கையில் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை ஏறக்குறைய 78,000 ரூபாய். 12 சதவீதம் என்றால் 75,900. 18 சதவீதம் என்றால் 72,000. 24 சதவீதம் என்றால் 68,500 மட்டுமே. 12 சதவீத வட்டிக்குப் பழைய 75-க்கும் புதிய 85-க்கும் இடையே ஆயிரம் ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. வட்டி கூடிய நிறுவனத்தில் புதிய வரம்பு, அசலை மட்டும் பார்த்த பழைய நடைமுறையைவிடக் கடுமையானது.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல விளைவும் ஒளிந்திருக்கிறது. வட்டி குறைவாக இருந்தால் கூடுதல் கடன் கிடைக்கும். மாதாமாதம் வட்டி கட்டும் வகைக் கடனில் வட்டி சேர்ந்து நிற்பதில்லை என்பதால் 85,000-ஐ நெருங்கலாம். ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதக் கடன் என்றால் 12 சதவீத வட்டியில் 80,200 வரை வரும். 'கிராமுக்கு எவ்வளவு தருவீர்கள்' என்று மட்டுமே கேட்டுப் பழகிய இடத்தில், வட்டி விகிதத்தைக் கேட்க இப்போது இன்னொரு காரணமும் கிடைத்திருக்கிறது.

அடுக்குகளின் ஓரங்களில் சின்னச் சிக்கல் இருக்கிறது. மாத வட்டிக் கடனையே எடுத்துக்கொள்வோம். 85 சதவீதக் கணக்கில் 2.5 லட்சம் பெற ஏறக்குறைய 2.94 லட்சம் மதிப்புள்ள நகை போதும். 2.5 லட்சத்துக்கு மேல் போனால் விகிதம் 80 ஆகிவிடுவதால், அதைத் தாண்ட 3.125 லட்சம் மதிப்புக்கு மேல் நகை வேண்டும். இடையில் இருப்பவர்கள் கூடுதலாக ஒரு வளையலை வைத்தாலும் கடன் 2.5 லட்சத்திலேயே நிற்கும். அவர்கள் அந்த வளையலை வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது. 5 லட்சத்திலும் இதே கதை: 6.25 லட்சத்திலிருந்து 6.67 லட்சம் வரை நகை மதிப்பு கூடினாலும் கடன் கூடாது.

தங்கம் ஏன் கடன் கொடுப்பவருக்கு இவ்வளவு பிடிக்கிறது

கடன் சந்தையைப் பற்றிய பொருளியல் ஆய்வுகளில் அடிப்படையானது ஜோசப் ஸ்டிக்லிட்சும் ஆண்ட்ரூ வைசும் 1981-இல் எழுதிய கட்டுரை. கடன் கேட்பவர் திருப்பிக் கட்டுவாரா என்பது கேட்பவருக்குத் தெரிந்த அளவுக்குக் கொடுப்பவருக்குத் தெரியாது. வட்டியை உயர்த்தி இந்த ஆபத்தைச் சரிக்கட்ட முயன்றால், நிதானமானவர்கள் விலகி, துணிந்து இறங்குபவர்களே மிஞ்சுவார்கள். அதனால் வட்டியை ஓரளவுக்கு மேல் ஏற்றாமல், சிலருக்குக் கடனே கொடுக்காமல் விடுவது வங்கிக்கு லாபகரமானது என்று அவர்கள் காட்டினார்கள். சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் இல்லாதவர்கள்தான் அப்படி வெளியே நிறுத்தப்படுகிறவர்கள். அவர்கள் கழுத்திலும் கையிலும் இருக்கும் தங்கம் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, விதைப்புச் செலவு எல்லாம் ஒரு மணி நேரத்தில் கைக்கு வரும் ஒரே முறையான கடன் பலருக்கு இதுதான்.

ஈடுகளிலும் தங்கத்துக்குத் தனிக் குணம் உண்டு. நிலத்தை ஈடாக வைத்தால், மழை பொய்த்த ஆண்டில் விவசாயியின் வருமானமும் குறையும், அதே ஊரில் நிலத்தின் விலையும் சரியும். கடனாளி தடுமாறும் அதே நேரத்தில் ஈடும் தடுமாறும். நொபுஹிரோ கியோடகி, ஜான் மூர் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடுத்த கட்டத்தைக் காட்டியது: ஈட்டின் விலை இறங்க, கடன் வாங்கும் திறன் குறைய, முதலீடு குறைய, விலை மேலும் இறங்கும் சுழல். தங்கத்தில் இந்தச் சுழல் உள்ளூரில் எழுவதில்லை. காவிரிப் படுகையில் விளைச்சல் கெட்டு ஆயிரக்கணக்கான நகைகள் ஏலத்துக்கு வந்தாலும் உலகச் சந்தையின் விலை அசையாது. உலக விலை மாறாதிருந்தால், ரூபாயின் மதிப்பு சரியும்போது ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறவே செய்யும்.

எனவே கடன் கொடுப்பவர் நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. ஈடு இவ்வளவு உறுதியாக இருக்கும்போது, இவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று கேட்க வேண்டிய தேவை கடன் கொடுப்பவருக்கு இல்லாமல் போகிறது. புதிய விதிகளும் 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குத்தான் விரிவான வருமான மதிப்பீட்டைக் கேட்கின்றன. சிறு கடனாளிகளிடம் வருமான ஆவணம் கேட்டிருந்தால் அவர்கள் நேராக அடகுக்கடைக்குத்தான் போயிருப்பார்கள். ஆகவே இந்தச் சலுகை சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பொருளை மறைக்கக் கூடாது. அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களின் திருப்பிக் கட்டும் திறனை முறைமையில் யாரும் பார்ப்பதில்லை. அதை அவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை இறங்கிய காலங்கள்

நம் ஊர்த் தங்க விலையை மூன்று விசைகள் நகர்த்துகின்றன: டாலரில் உலக விலை, டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி. மூன்றும் ஒரே பக்கம் இழுத்தால் என்ன ஆகும், எதிர்ப்பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை வரலாற்றிலேயே சான்றுகள் இருக்கின்றன.

2013-இல் உலகச் சந்தையில் தங்கம் டாலர் கணக்கில் கால் பங்குக்கும் மேல் இறங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் நடுவில் இரண்டே வர்த்தக நாள்களில் விழுந்த வீழ்ச்சி, சுமார் முப்பது ஆண்டுகளில் காணாதது. இந்தியாவில் அதே ஆண்டு ரூபாய் சரிந்தது. இறக்குமதி வரியும் படிப்படியாக 10 சதவீதம்வரை உயர்ந்தது. இரண்டும் சேர்ந்து ரூபாய் விலையின் வீழ்ச்சியைப் பெருமளவு தாங்கிக்கொண்டன. அதற்கு முன்பே, 2012 மார்ச்சில், நிதி நிறுவனங்களுக்குக் கடன்-மதிப்பு வரம்பை 60 சதவீதமாக ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்தியிருந்தது. நிறுவனங்கள் அப்போது அதைக் கடுமையாக எதிர்த்தன. கே.யு.பி. ராவ் தலைமையிலான பணிக்குழு ஆராய்ந்தபின், 2014 ஜனவரியில் அது 75 சதவீதமாக்கப்பட்டது.

இலங்கையில் அந்த மெத்தை இல்லை. 2013-இல் அங்கே ரூபாயின் மதிப்பு பெரிதாக இறங்கவில்லை. உலக விலையின் வீழ்ச்சி ஏறக்குறைய முழுதாக உள்ளே வந்தது. அங்குள்ள பெரிய வங்கிகள் விலை ஏறிய ஆண்டுகளில் நகை அடகுக் கடனை வேகமாகப் பெருக்கியிருந்தன. பெற்ற கடனைவிட நகையின் மதிப்பு குறைந்தபோது பலர் நகையைத் திருப்பாமல் விட்டுவிட்டார்கள். வங்கிகளின் வாராக்கடன் கூடியது. பயந்துபோன வங்கிகள் கொடுக்கும் தொகையை இறுக்கின. 2014-இல் அடகுக் கடனுக்கு மத்திய வங்கி மூலமாகக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றையே கொண்டுவர வேண்டியதாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பிறகு வாழ்க்கையை மீட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்கும் அவசரக் கடன் என்றால் அடகுதான். வரம்பு தளர்ந்ததும் அவர்களைத் தாக்கியது, இறுகியதும் தாக்கியது.

மூன்றாவது சான்று இன்னும் நெருக்கமானது. கொரோனா நெருக்கடியில் மக்களுக்குக் கூடுதல் பணம் கிடைக்கட்டும் என்று, 2020 ஆகஸ்ட் 6 அன்று வங்கிகள் 90 சதவீதம் வரை நகைக்கடன் தரலாம் என ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2021 மார்ச் 31 வரை இந்தத் தளர்வு. தங்கம் அந்த வாரத்தில்தான் தன் அன்றைய உச்சத்தைத் தொட்டது. மார்ச் 2021-க்குள் உலக விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதி வரியும் குறைந்தது. உச்ச விலையில், உச்ச வரம்பில் ஒரு லட்ச ரூபாய் நகைக்கு 90,000 வாங்கியவரின் நகை 80,000 ஆனது. பாக்கியோ வட்டியோடு 90,000-ஐத் தாண்டி நின்றது. உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. எனினும், விலை உச்சத்தில் இருக்கும்போது வரம்பைத் தளர்த்துவதுதான் நகைக்கடனில் மிக ஆபத்தான முடிவு.

2024 ஜூலை 23 அன்று இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக வெட்டப்பட்டது. வரி மாற்றம் மட்டுமே கணக்குப்படி 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வீழ்ச்சி. உலகில் எதுவும் நடக்காமல், ஓர் உரையில் ஒரு வரி படிக்கப்பட்டதால் ஈட்டின் மதிப்பு அவ்வளவு குறைய முடியும்.

உலகெங்கும் உள்ள வங்கிகளுக்கான பேசல் நெறிமுறைகளை ஒட்டி, வங்கிகள் தங்கத்தை ஈடாகக் கொள்ளும்போது அதன் மதிப்பில் 15 சதவீதக் கழிவு போட வேண்டும் என்பது இங்கே நெடுநாளாக உள்ள ஒழுங்கு. நூறிலிருந்து 15 போனால் 85. ஆனால் அந்தக் கழிவின் பின்னால் இருப்பது, ஈட்டைத் தினந்தோறும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் பத்து வர்த்தக நாள்களுக்குள் விற்றுவிடலாம் என்ற அனுமானம். வீட்டு நகைக்கடன் ஓராண்டு ஓடுகிறது. பத்து நாளில் 15 சதவீதம் இறங்குவது அரிது. ஓராண்டில் அப்படி அரிதில்லை என்பதை மேலே பார்த்தோம்.

விலை ஏறும்போது பதுங்கும் ஆபத்து

விலை இறங்குவதைப் பற்றிய அச்சம் எல்லோருக்கும் புரியும். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது, விலை ஏறும் ஆண்டுகளில் சத்தமில்லாமல் வளரும் கடனைப் பற்றி.

2024-இலும் 2025-இலும் தங்கம் விடாமல் ஏறியது. 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. வங்கிகளின் நகைக்கடன் பாக்கி 2025 மார்ச்சில் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி, ஓராண்டில் இரண்டு மடங்கானது. விவசாயக் கடன் என்று எழுதப்பட்டிருந்த சில நகைக்கடன்களை வகை மாற்றி எழுதியதும் இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம். அதைக் கழித்துப் பார்த்தாலும் வளர்ச்சி பெரியது. வாராக்கடனோ குறைவு. இதைப் பார்த்து எல்லாம் நலம் என்று முடிவுக்கு வருவது எளிது.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் பின்தொடர்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை.

1. முதல் ஆண்டு: நகை மதிப்பு 1,00,000. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 70,000 வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் பாக்கி 78,400. கையில் பணமில்லை.
2. தங்கம் 15 சதவீதம் ஏறிவிட்டது. அதே நகையின் மதிப்பு இப்போது 1,15,000. 85 சதவீத வரம்பில் புதிதாக 87,000 கிடைக்கும். பழைய 78,400 தீர்ந்து, 8,600 கைக்கும் வருகிறது.
3. இரண்டாம் ஆண்டு முடிவில் பாக்கி 97,440. விலை அப்படியே நின்றால், மறுபடி கிடைக்கக்கூடியது 87,000-தான். நகையைக் காப்பாற்ற ஏறக்குறைய 10,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும்.
4. விலை 10 சதவீதம் இறங்கியிருந்தால் கிடைப்பது 78,500 அளவே. துண்டு விழுவது 18,900.

இரண்டு ஆண்டுகளில் இந்தக் குடும்பம் ஒரு ரூபாய்கூடத் தன் வருமானத்திலிருந்து கட்டவில்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் அவர்கள் ஒழுங்காகக் கடன் அடைத்தவர்கள். முதல் கடன் உரிய நாளில் முடிந்தது, புதுக் கடன் முறையாகத் தொடங்கியது. உண்மையில் நடந்தது, விலையேற்றத்தால் நகைக்குக் கிடைத்த லாபம் முழுவதும் வட்டிக்கும் செலவுக்கும் போனது. வாராக்கடன் புள்ளிவிவரம் இதைக் காட்டாது, காட்டவும் முடியாது.

இந்த மறுஅடகுப் பழக்கத்தைத்தான் ரிசர்வ் வங்கி குறிவைத்தது. ஒருசேரக் கட்டும் நுகர்வுக் கடன் 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும்போதும் வரம்பு மீறக் கூடாது. நோக்கம் சரியானது: ஆண்டுக்கு ஒரு முறையாவது வருமானத்திலிருந்து பணம் வந்தாக வேண்டும், வட்டிக்கு வட்டி ஏறக் கூடாது. சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. வட்டியோ அசலோ கையில் இல்லாதவர், நகையைத் திருப்பி மீண்டும் வைக்கும்வரை ஓரிரு நாளுக்கு யாரிடமாவது கைமாற்று வாங்குகிறார். அதற்கென்றே பணம் தந்து தரகு வாங்குவோரும் இருக்கிறார்கள். அப்போது கடன் குறைவதில்லை. தரகும் சேர்ந்து கூடுகிறது. வருமானம் பருவத்துக்குப் பருவம் வரும் வீடுகளில், அறுவடையையோ சீட்டு எடுக்கும் மாதத்தையோ ஒட்டி முதிர்வு நாளை அமைத்துக் கொடுத்தால் இந்தத் தரகரின் தேவை பெருமளவு குறையும். விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் கிளைகள் அதைக் கேட்டுச் செய்வதில்லை.

தள்ளுபடி எதிர்பார்ப்பு இதோடு சேர்ந்துகொள்கிறது. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியாகும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நெருக்கடியில் இருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது உண்மையான உதவி. பயனாளிகளைச் சரிபார்த்தபோது, ஒரே குடும்பம் பல சங்கங்களில் கடன் வாங்கியது உள்ளிட்ட முறைகேடுகளும் வெளியே வந்தன. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் வட்டி கட்டுவதைத் தள்ளிப்போடுபவர்கள், தள்ளுபடி வராமல் போனால் நகையையே இழக்கும் நிலைக்கு வருகிறார்கள்.

நகை மூழ்கும் கட்டம்

கெடு தாண்டினால் ஏலம். இங்கே புதிய விதிகள் கடனாளிக்குச் சில உரிமைகளைத் தெளிவாகக் கொடுத்திருக்கின்றன. பலருக்கும் இவை தெரியாது என்பதால் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

1. ஏலத்துக்கு முன் கடனாளிக்குப் போதிய அவகாசத்தோடு அறிவிப்பு தர வேண்டும். செய்தித்தாள் விளம்பரம் இரண்டு இதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில் வர வேண்டும்.
2. ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால்தான் அது 85 சதவீதமாகலாம்.
3. கடனும் வட்டியும் கழித்து மிஞ்சும் பணம் கடனாளிக்குச் சேர வேண்டியது. முழு ஏலத்தொகை வந்த நாளிலிருந்து 7 வேலை நாள்களுக்குள் அதைத் தந்துவிட வேண்டும்.
4. கடனைக் கட்டி முடித்தவருக்கு நகை அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாள்களுக்குள் திரும்ப வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

மூன்றாவது உரிமை மிகவும் முக்கியம். விலை ஏறிய ஆண்டில் ஏலம் போகும் நகையில் மிச்சம் கணிசமாக இருக்கும். 'மூழ்கிவிட்டது' என்று தலையில் கைவைத்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் அந்த மிச்சத்தைக் கேட்கப் போவதில்லை. ஏலக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குவது அவர்களின் உரிமை. நகை ஏலத்தில் போகும் என்பது உறுதியாகிவிட்டால், அதற்கு முன்பே கடனுக்குப் போதுமான அளவு நகையை விற்றுக் கடனை அடைத்து மீதியைத் திருப்புவது பெரும்பாலும் லாபம். உணர்வு அதைத் தடுக்கிறது, தடுப்பது இயல்புதான். ஆனால் 10 சதவீதம் குறைவாக ஏலம் போக வாய்ப்புள்ள நகைக்கு, ஓராண்டு வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டுவதைவிட அந்த வழி மலிவானது.

விதி எட்டாத இடம்

இவை எல்லாம் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் பொருந்தும். தெருமுனை அடகுக்கடை 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று இயங்குகிறது. அங்கே கடன்-மதிப்பு அடுக்குகளும் 5,000 ரூபாய் இழப்பீடும் இல்லை. வங்கியும் நிதி நிறுவனமும் தம்மிடம் வந்த நகையை வேறிடத்தில் மறுபடி அடகு வைத்துக் கடன் வாங்கக் கூடாது என்று புதிய விதி தடுக்கிறது. அடகுக்கடைகளில் வாடிக்கையாளரின் நகையை வேறிடத்தில் வைத்துப் பணம் புரட்டும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. கடைக்காரர் நொடித்தால், ஒழுங்காக வட்டி கட்டியவரின் நகையும் மூன்றாம் நபரிடம் சிக்கிக்கொள்ளும்.

முறையான கடனில் விதி இறுக இறுக, ஆவணமில்லாதவர்களும் வட்டி கட்டப் பணமில்லாதவர்களும் அந்தப் பக்கம் நகர்வார்கள். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரத்தில் அவர்கள் தென்பட மாட்டார்கள். புதிய விதிகள் கடனாளிகளுக்கு நன்மை செய்தனவா என்பதை வங்கிகளின் வாராக்கடனை மட்டும் வைத்து அளந்தால் விடை பாதிதான். அடகு உரிமங்களை வழங்குவதும் கண்காணிப்பதும் மாநில அரசின் வேலை. உரிமம் பெற்ற கடைகள் எத்தனை, எவ்வளவு நகை அடகில் இருக்கிறது, என்ன வட்டி, எத்தனை நகைகள் திருப்பப்படாமல் போகின்றன என்பதை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட மாநில அரசால் முடியும். 2025 மே மாதத்தில் வரைவு விதிகளுக்கு எதிராகக் குரல் கொடுத்த எல்லாக் கட்சிகளும் அடுத்துக் கேட்க வேண்டியது இந்தத் தகவலை.